சீர் தட்டியது கணக்கில் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் உடல்நலம் பற்றிக் கணக்கெடுப்பவர்கள் சென்ற மாதம் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் எங்கள் தெருவுக்கும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில், மடியில் பீடித் தட்டும் அருகில் ஒன்றரை வயதுப் பையனுமாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று கேட்டார்கள். பீடியின் முனையை மடக்கியபடியே, "அதெல்லாம் இல்லம்மா" என்றார் அவர். வந்தவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் என்னிடம், "போன வாரம் பிள்ளைக்குச் சீர் தட்டி, நாலு நாளா துவண்டு கிடந்தான் டீச்சர்" என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. பச்சைப்பிள்ளைக்கு வயிற்றால் போய்க் கண் உள்வாங்கினால் எங்கள் பக்கத்துத் தாய்மார் அதைச் சீர் என்றுதான் சொல்வார்கள். வயிற்றுப்போக்கு என்பது அவர்களுக்குச் சுவரொட்டிச் சொல். இதில் பெரிய இழப்பு என்னவென்றால், இத்தகைய கணக்கெடுப்புகளில் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதிவாகிவிட்டால், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தீர்களா, துத்தநாக மாத்திரை கிடைத்ததா, எங்கே கொண்டு காட்டினீர்கள் என்ற அடுத்த கேள்விகள் கேட்கப்படுவதே இல்லை. நோயோடு சேர்ந்து, சிகிச்சை கிடைத்ததா என்ற விவரமும் காணாமல் போகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. அது விரலிலோ குதிகாலிலோ குத்தி, ரத்தத்தைச் சோதித்துச் சொன்ன கணக்கு. தாய் எந்தச் சொல்லில் பதில் சொன்னாலும் மாறாது. வாய்மொழிக் கேள்விக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதே ஆய்வு 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளையே கொண்டதால், 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்துக்கு அதில் தனிப் பக்கம் இல்லை. இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குளத்துப் பிள்ளையும் எங்கள் ஊர்ப் பிள்ளையும் ஒரே கணக்கில்தான் இருக்கிறார்கள்.

வருகிற நேரத்தையும் சொல்ல வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் பாதித் தாய்மார் பீடிக்கடையிலோ வயலிலோ இருப்பார்கள். தடுப்பூசி அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று ஆச்சிக்குத் தெரியாது.

ஆகவே, அடுத்த முறை கேள்வித்தாளை இறுதி செய்யுமுன், அதிகாரிகள் அந்தந்த வட்டாரத்துக் கிராம சுகாதாரச் செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் அரை நாள் உட்கார்ந்து, "வயித்தால போச்சா, சீர் தட்டிச்சா" என்று கேட்கும் வகையில் கேள்விகளைத் திருத்தி, வீடுகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் வருமாறு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
முக்கூடல்.