விட்டம் ஒரு நாண் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு பள்ளி ஆசிரியை எழுதும் கடிதம் இது, அதனால் நடுநடுவே சாக்பீஸ் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் கணக்குத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். 'ஒரு வட்டம் வரைந்து அதில் ஒரு நாண் வரைக' என்பது கேள்வி. அவள் வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு இழுத்திருக்கிறாள், அது மையத்தின் வழியாகப் போயிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 'இது விட்டம்' என்று ஒரு குறிப்பு. ஒரு மதிப்பெண் போயிற்று.

அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக நான் பேனாவை எடுக்கவில்லை. "நாண்னா நடுவுல போகக்கூடாது பாட்டி, எனக்குத் தெரியாம போயிடுச்சு" என்று அவள் சொன்னாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. வட்டத்தின் மேலுள்ள ஏதேனும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு நாண், அவ்வளவுதான் வரையறை. மையத்துக்குப் போகக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. விட்டமும் ஒரு நாண்தான், இருக்கிற நாண்களிலேயே பெரியது. சரியாக எழுதிய குழந்தை, தான் தப்பு என்று கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது.

திருத்தியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் நானும் பல வருஷம் இப்படித்தான் நடத்தினேன். கரும்பலகையில் ஒரு வட்டம், நடுவில் புள்ளி, வலப்பக்கம் மேலே சாய்ந்தபடி ஆரம், படுக்கை வசத்தில் விட்டம், கீழே கொஞ்சம் தள்ளி ஒரு நாண், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர். பிள்ளைகள் அப்படியே வரைந்துகொள்வார்கள், அழகாக மனப்பாடம் ஆகிவிடும். ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு நாணைச் செங்குத்தாக வரைந்து இது என்ன என்று கேட்டேன், பாதி வகுப்பு முழித்தது. அவர்கள் படித்தது நாணை இல்லை, படத்தில் நாண் இருந்த இடத்தை.

இது எங்கள் ஒரு வகுப்பின் கதை மட்டும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957இல் தங்கள் ஆய்வேடுகளில் இதைத்தான் விளக்கினார்கள். குழந்தை முதலில் வடிவத்தை மொத்தமாக, முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது, அதன் பண்புகள் அப்புறம்தான் கண்ணில் படுகின்றன, பண்புகளுக்கு இடையிலான உறவு அதற்கும் அப்புறம். ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் 'இது சதுரம் இல்லை, டைமண்ட்' என்று சின்னப் பிள்ளைகள் சொல்வது முதல் படி. 'விட்டமும் ஒரு நாண்' என்பது கொஞ்சம் மேலே உள்ள படி. வயது ஏறினால் படியும் தானாக ஏறிவிடாது, கையில் என்ன அனுபவம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதுதான் அவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சரி, என்ன அனுபவம் கொடுப்பது? ஒரு தாள், ஒரு கத்தரிக்கோல் போதும் என்கிறேன். ஏதாவது ஒரு டப்பா மூடியைத் தாளில் கவிழ்த்துச் சுற்றி வரைந்து வெட்டச் சொல்லுங்கள். காம்பஸ் வேண்டாம், வேண்டுமென்றேதான் வேண்டாம் என்கிறேன், காம்பஸ் வைத்தால் மையத்தில் ஓட்டை விழுந்து ரகசியம் அம்பலமாகிவிடும். மூடியில் வரைந்த வட்டத்துக்கு மையம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேல் வைத்துத் தடவுவார்கள், கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள், யாராவது ஒரு பிள்ளை ஓரத்தோடு ஓரம் பொருந்த இரண்டாக மடிக்கும். பிரித்துவிட்டு வேறு பக்கமாக இன்னொரு தடவை மடிக்கும். இரண்டு மடிப்புக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். பாதிப் பாதியாக மடிந்த கோடு விட்டம், மையத்திலிருந்து ஓரம்வரை ஆரம். மூன்று சொற்களும் வந்துவிட்டன, எதற்கும் நான் அம்புக்குறி போடவில்லை.

இப்போது இன்னொரு வட்டத்தாளை எடுத்து ஓரத்தில் துளியூண்டு மடிக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கோடு ஒரு குட்டி நாண். மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனால் நாண் நீண்டுகொண்டே போகும், மையத்தைத் தொடும்போது அதற்கு மேல் நீள முடியாது, தாண்டினால் மறுபடி குறையும். விட்டம்தான் மிகப் பெரிய நாண் என்பதை இதற்கு மேல் யார் வந்து சொல்லித்தர வேண்டும்? என் பேத்தி இதை ஒரு தடவை செய்திருந்தால் அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்துத் தலையாட்டியிருக்க மாட்டாள்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் இந்தப் பாடத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பெயர்கள் பொக்கிஷம், நாம் வாயைத் திறந்து சொல்வதில்லை. வட்டத்தின் வளைந்த ஒரு பகுதி வில், அதன் இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய நேர்க்கோடு நாண். வில்லும் நாணும்! கூடவே நாண் வட்டத்தை எப்போதும் இரண்டு வில்லாகப் பிரிக்கிறது என்பதையும் காட்டிவிடலாம், ஒன்று சிறியது, ஒன்று பெரியது, விட்டம் என்றால் மட்டும் இரண்டும் ஒரே அளவு. ஆரம் என்றதும் சக்கரத்தின் ஆரக்காலைக் காட்டினால் போதும், எல்லா ஆரமும் ஏன் ஒரே நீளம் என்று அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள், ஒரு கால் குட்டையாக இருந்தால் சக்கரம் எப்படி ஓடும். (மேல்வகுப்பில் முக்கோணவியலில் வந்து பிள்ளைகளை மிரட்டும் சைன் என்ற சொல்கூட வடமொழியில் நாணைக் குறிக்கும் ஜ்யாவாகப் புறப்பட்டு, அரபு வழியாக லத்தீனுக்குப் போய், வேஷம் மாறி வந்ததுதான்.) ஆனால் இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் நடுவே இருக்கும் துண்டுக்கான வட்டக்கோணப்பகுதி என்ற சொல்லை ஐந்தாம் வகுப்பில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. அந்த வடிவத்தைக் கையால் வெட்டட்டும், 'விசிறித் துண்டு' என்று அவர்களே பெயர் வைத்துக்கொள்ளட்டும், பாடநூல் பெயர் இரண்டு வருஷம் பொறுத்து வந்தால் குடி முழுகிப் போய்விடாது.

அடுத்தது சர்வசமம். இதற்கும் அதே வியாதி. 'அளவும் வடிவமும் ஒன்றாக உள்ள உருவங்கள் சர்வசமம்' என்று ஒரு வரி, கீழே இரண்டு முக்கோணங்கள், இரண்டும் ஒரே திசையைப் பார்த்து ராணுவ வீரர்கள் மாதிரி நிற்கும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் குழந்தை 'இல்லை' என்கிறது. சொல்லிலும் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. சமம் என்று காதில் விழுந்ததும் பரப்பு சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 4க்கு 4 சதுரமும் 8க்கு 2 செவ்வகமும் இரண்டுமே 16 கட்டம்தான், எண்ணிப் பார்த்துவிட்டு 'சர்வசமம் டீச்சர்' என்று கத்தியவர்கள் என் வகுப்பில் நிறைய. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ஒருங்கிசைவு என்று சொல்கிறார்கள், அந்தச் சொல்லில் ஒன்றோடொன்று பொருந்துவது என்ற காட்சி இருப்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமையே உண்டு.

பொருந்துவதுதான் விஷயம். ஒன்றை எடுத்து மற்றதன்மேல் வை, எங்கேயும் வெளியே நீட்டாமல், எங்கேயும் குறையாமல் மூடினால் சர்வசமம். திருப்பலாம், நகர்த்தலாம், கவிழ்க்கலாம், ஆனால் இழுக்கக்கூடாது, சுருக்கக்கூடாது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் வடிவியல் நூலின் தொடக்கத்தில் வைத்த பொது உண்மைகளில் ஒன்றே இதுதான், ஒன்றோடொன்று பொருந்துகிறவை சமம் என்று. அவர் செய்யச் சொன்ன காரியத்தை நாம் நிரப்புக கேள்வியாக மாற்றிவிட்டோம்.

கவிழ்க்கலாமா என்பதில்தான் வகுப்பில் நல்ல சண்டை வரும், வரவிடுங்கள். எனக்குத் தெரிந்த சிறந்த வழி ஐந்து சதுர விளையாட்டு. ஒரே அளவான ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி எத்தனை விதமான வடிவங்கள் செய்ய முடியும் என்று கட்டம் போட்ட தாளில் வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவும் இருபது, இருபத்தைந்து என்று பெருமையாகக் கொண்டுவரும். அப்போது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னால் 'அட, இது அதேதான், படுத்துக்கிடக்கு' என்று ஒவ்வொன்றாகக் கழியும். திருப்பவும் கவிழ்க்கவும் அனுமதித்தால் கடைசியில் 12 வடிவங்கள் மிஞ்சும். கவிழ்க்கக்கூடாது என்றால் 18. நான்கு சதுரம் என்றால் இதே கணக்கு 5, 7 என்று வரும். டெட்ரிஸ் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அந்த ஏழு துண்டுகளும் அத்துப்படி, அந்த விளையாட்டில் ஏன் 5 இல்லாமல் 7 இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், திரையில் துண்டைத் திருப்ப முடியும், கவிழ்க்க முடியாது என்று அவர்களே சொல்வார்கள். கணிதத்தில் கவிழ்த்துப் பொருந்தினாலும் சர்வசமம் என்ற முடிவை அப்போது சொன்னால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும்.

பலகோணங்களுக்கு வரும்போது ஒரு இடத்தில் நிறுத்தி நிதானமாகப் போக வேண்டும். ஒத்த பக்கங்கள் எல்லாம் சமமாக இருக்க வேண்டும், ஒத்த கோணங்களும் எல்லாம் சமமாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சர்வசமம். ஏன் இரண்டும்? நான்கு சம நீள அட்டைப் பட்டைகளை முனைகளில் பொத்தான் ஆணி குத்திச் சதுரமாக்கி, ஒரு மூலையை லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும், பக்கம் ஒன்றுகூட மாறவில்லை, கோணம் மாறிவிட்டது. மறுபக்கம், 4க்கு 2 செவ்வகத்திலும் 5க்கு 3 செவ்வகத்திலும் எல்லாக் கோணமும் 90 பாகை, ஆனால் ஒன்று மற்றதை மூடாது. அப்புறம் மூன்று பட்டைகளால் முக்கோணம் செய்து தள்ளச் சொல்லுங்கள். அசையாது. எவ்வளவு தள்ளினாலும் அசையாது, பட்டை வேண்டுமானால் வளையும். மூன்று பக்கமும் சமமாக இருந்தாலே முக்கோணங்கள் சர்வசமம் என்று பின்னால் பெரிய வகுப்பில் ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) என்று வரப்போகிற விதிக்கு இதுதான் விதை, பெயர் சொல்லாமலே போட்டுவிடலாம். வட்டங்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஆரம் சமம் என்றால் முடிந்தது.

இந்த இரண்டு பாடங்களையும் தனித்தனி மாதத்தில் நடத்துவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஒரே வட்டத்தாளில் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. மையத்தைக் கண்டுபிடித்த தாளை எடுத்து, ஓரம் சரியாக மையத்தைத் தொடும்படி ஒரு மடிப்பு. அந்த மடிப்பின் ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுபடி ஓரம் மையத்தைத் தொட இன்னொரு மடிப்பு. மிஞ்சிய பக்கத்தையும் அப்படியே மடித்தால் கையில் ஒரு சமபக்க முக்கோணம். மடிந்து உள்ளே கிடப்பவை மூன்று வட்டத்துண்டுகள், மூன்றும் சர்வசமமா என்று வெட்டி அடுக்கிப் பார்க்கலாம். அதற்கு முன் முக்கோணத்தின் ஒரு உச்சியை எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடிக்கச் சொல்லுங்கள், சரிவகம் கிடைக்கும், மூன்று உச்சிகளையும் அப்படி மடித்துப் பிரித்தால் நான்கு சர்வசம முக்கோணங்கள் கோடு கோடாகத் தெரியும். நாண், வில், ஆரம், சர்வசமம் எல்லாம் ஒரே தாளில், ஒரே பாடவேளையில். முதல் தடவை நடத்தும்போது எனக்கே கை நடுங்கியது, இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கத்தரிக்கோலா, பாடத்திட்டம் எப்போது முடிப்பது என்று கேட்பவர்கள் இருப்பார்கள், எனக்கும் தெரியும், நானும் அப்படிக் கேட்டவள்தான். மடிப்புக்குக் கத்தரிக்கோலே வேண்டாம், வட்டங்களை முன்கூட்டியே வெட்டி வைத்துவிடலாம். சத்தம் இருக்கும், அது வேறு வழியில்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் மட்டும் என் வேண்டுகோள்: 'நாண் வரைக' என்று கேட்காதீர்கள். 'ஒரே வட்டத்தில் மூன்று நாண்கள் வரைக, அவற்றில் ஒன்று மிகப் பெரியதாக இருக்கட்டும்' என்று கேளுங்கள். 'சர்வசமம் என்றால் என்ன' என்பதற்குப் பதிலாக நான்கு பக்கங்களும் சமமாக இருந்தும் சர்வசமம் ஆகாத இரண்டு உருவங்களை வரையச் சொல்லுங்கள். திருத்துவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும், யோசிக்கலாமே.

நேற்று ராத்திரி பேத்தியை உட்காரவைத்து வட்டத்தாளை மடிக்கச் சொன்னேன். மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனவள் மையத்தில் வந்ததும் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தாளை விடைத்தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்திப் பைக்குள் வைத்திருக்கிறாள், டீச்சரிடம் காட்டப் போகிறாளாம். மதிப்பெண் கேட்கக்கூடாது, மடித்துக் காட்டு, அது போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்