விண்வெளி வீரர் கையிலிருக்கும் ஸ்பேனரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டச் செய்திகளை உங்கள் நாளிதழில் விடாமல் படிக்கிறேன். ராக்கெட், உடை, சாப்பாடு எல்லாம் வருகிறது. வீரர்கள் கையில் பிடிக்கும் கருவிகளைப் பற்றி மட்டும் எதுவும் என் கண்ணில் படவில்லை.

நான் பாம்பனில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவன். புரொப்பல்லரில் கயிறு சுற்றினால் மூழ்கித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரில் மிதந்தபடி நட்டைத் திருகினால் நட்டு அசையாது, ஆள்தான் எதிர்ப்பக்கம் திரும்புவான். சுக்கானில் காலை முட்டுக்கொடுத்தால்தான் கையில் பலம் வரும். எடையற்ற வெளியிலும் இதே தொல்லைதான். அங்கே உடம்பு சுழல்வதைத் தடுக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. 1966 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 9 விண்கலத்தை விட்டு வெளியே வந்த வீரர் யூஜின் செர்னான் பிடிமானம் இல்லாமல் திணறினார். மூச்சிரைத்து, முகக்கண்ணாடி பனித்து, வேலையை முடிக்காமலே உள்ளே திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வீரர் பஸ் ஆல்ட்ரின், நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்துவிட்டு விண்வெளிக்குப் போனார். கைப்பிடிகளும் கால்களை மாட்டிக்கொள்ளும் அமைப்பும் இருந்ததால் எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தார். ஆகவே கால் ஊன்றும் இடத்தையும் கருவியோடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

அப்புறம் கையுறை. உள்ளிருக்கும் காற்றழுத்தத்தில் அது விறைத்து நிற்கும். விரலை மடக்கவே தனிப் பலம் வேண்டும். சின்ன ஸ்குரூவைப் பிடிக்கவே முடியாது. 2009 மே மாதம், விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியின் ஒரு கருவியைத் திறக்க 111 ஸ்குரூக்களைக் கழற்ற வேண்டியிருந்தது. அதற்கென்றே துளைகள் போட்ட ஒரு தகட்டை மூடியின்மேல் பொருத்தினார்கள். துளை வழியே திருப்புளியை விட்டுத் திருகினால், கழன்ற ஸ்குரூ தகட்டுக்கு அடியிலேயே நின்றுவிடும். இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை! ஆனால் அதற்கு முன்பு ஒரு கைப்பிடியைக் கழற்றும்போது ஒரு போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது. அந்த வேலையைச் செய்த விண்வெளி வீரர் மைக் மாசிமினோ கைப்பிடியைப் பலங்கொண்டு இழுத்துப் பிய்த்துத்தான் வேலையைத் தொடர்ந்தார். இந்தப் போல்ட் தொல்லை எந்தப் பட்டறையிலும் உண்டு.

2035-க்குள் நமக்கென விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டம் இருக்கிறது. அமைத்தால் பழுதும் வரும். இந்தக் கருவிகளைப் பற்றி நீங்கள் ஒரு தொடர் வெளியிட வேண்டும். இஸ்ரோவும் எங்கள் மாவட்ட ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கட்டும்: தடித்த கையுறையோடு, தண்ணீருக்குள் மிதந்தபடி நட்டுகளைக் கழற்றி மாட்டும் கருவியைச் செய்ய வேண்டும். நடுவர்களாகக் கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களையும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
விசைப்படகு மெக்கானிக் ஒருவர்,
பாம்பன்