எங்க மூடுல் கோட ஒழுங்கு பண்ண கூட நின்ன எல்லாருக்கும்

வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி எங்க காலேஜ் மூடுல் (பசங்க ஆன்லைன்ல பாடம் படிச்சு க்விஸ் எழுதற சாஃப்ட்வேர்) 3.9 வெர்ஷன்லேர்ந்து 4.1 ஏறி, அங்கேர்ந்து பிஹெச்பிய (மூடுல் எழுதியிருக்கிற லாங்குவேஜ்) 8.1 ஆக்கி 4.5-க்கு வந்துடுச்சு, காலைல செகண்ட் இயர் பசங்க லாகின் பண்ணி க்விஸ் எழுதிட்டு போயிட்டாங்க, ஒரு போன் கூட வரல. எட்டு மாச வேலை. யாரும் பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால பேரில்லாமலே சொல்றேன், உங்களுக்குத் தெரியும்.

முதல்ல 2020 லாக்டவுன்ல இந்த சைட்ட தனி ஆளா ஓட வெச்ச அண்ணனுக்கு. அன்னிக்கு ஆளாளுக்கு கேட்டத எல்லாம் நேரா கோர் ஃபைலுக்குள்ளயே, அதாவது மூடுலோட சொந்த கோடுக்குள்ளயே, எழுத வேண்டிய நெலம; புது வெர்ஷன் ஏத்தினா அதெல்லாம் போயிடும். ஒரிஜினல் 3.9-ஐ கிட்ல எடுத்து டிஃப் போட்டா (எங்க கோடோட ஒப்பிட்டா) 43 ஃபைல்ல மாத்தம் இருந்துச்சு, எதுக்குன்னு ஒரு கமென்ட் கிடையாது. அண்ணன் இப்ப வேற ஊர்ல வேற வேலைல இருக்கார், இருந்தும் மூணு ஞாயித்துக்கிழமை போன்லயே கூட இருந்து "இது அரியர் பசங்களுக்காக, இது ரிஜிஸ்டர் நம்பர் ரிப்போர்ட்ல வரணும்னு கேட்டாங்க"ன்னு வரி வரியா சொன்னார். அவர் சொல்லலேன்னா எத தூக்கணும் எத வெச்சுக்கணும்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

அதுல ஒண்ணு மட்டும் விவரமா சொல்றேன். ஸ்டூடண்ட் க்விஸ் சப்மிட் பண்ணா பேரண்ட்ஸுக்கு எஸ்எம்எஸ் போற கோடு, க்விஸ் சப்மிட் ஆகற ஃபைலுக்கு நடுவுல இருந்துச்சு, எஸ்எம்எஸ் சர்வர் லேட் பண்ணா பையனோட ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே நிக்கும், அவன் பயந்து மறுபடி அமுக்குவான். கோர்ல இருந்து அத எடுத்து ஒரு லோக்கல் ப்ளகின்ல (கோர தொடாம தனியா சேர்க்கிற கோடு) போட்டோம், சப்மிட் ஆனதும் மூடுல் விடற ஈவென்ட்ட ("இது நடந்துச்சு"ங்கிற அறிவிப்பு) ஒரு அப்சர்வர் கேட்டுக்கும், அது அட்ஹாக் டாஸ்க்கா (அப்புறமா பண்ண வேண்டிய வேலையா) வரிசைல போட்டுடும், அப்புறம் க்ரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) ஓடறப்ப எஸ்எம்எஸ் போகும். பசங்க இனிமே அதுக்காக காத்திருக்க வேணாம். இந்த ஐடியா குடுத்த ஃபைனல் இயர் தம்பிக்கும், யூனிட் டெஸ்ட் (கோடு சரியா வேலை செய்யுதான்னு தானா பார்க்கிற சின்னச் சோதனை) எழுதி ஒவ்வொரு மாத்தத்துக்கும் விடாம ஓட்டுன தங்கச்சிக்கும் ரொம்ப நன்றி.

மூடுல் கோர்ல வேலை செய்றவங்களுக்கும் சொல்லணும். மூடுல ஆரம்பிச்ச மார்ட்டின் டூகியமாஸ் 2002 ஆகஸ்ட்ல 1.0 விட்ட கோடு, இன்னிக்கும் அத பிரிச்சு அடுக்கிக்கிட்டே இருக்காங்க, ஆனா வெளிய இருக்கிற நம்ம ப்ளகின் சட்டுனு உடையாத மாதிரி. 4.2-ல க்விஸ் க்ளாஸ் (க்விஸ் கோடோட பகுதிகள்) நெறையத்த நேம்ஸ்பேஸுக்கு, அதாவது புதுசா ஒழுங்கா அடுக்கின பேருக்கு, மாத்தினாங்க, எங்க ப்ளகின் பழைய பேர்லயே கூப்டுச்சு, அப்பவும் ஓடுச்சு, கூடவே கோடு எழுதறவங்களுக்கு காட்டற டீபக் (debug) மெசேஜ்ல "இந்த க்ளாஸ் பேரு மாறிடுச்சு, இனிமே இத யூஸ் பண்ணு"ன்னு புதுப் பேரோட வந்துச்சு. பழைய பேர், புதுப் பேர்னு ஜோடி ஜோடியா எழுதி வெச்ச ஒரு சின்ன ஃபைல்தான் அத பண்ணுது. முகம் தெரியாத யாரோ ஒருத்தர் நமக்காக உட்கார்ந்து அத எழுதியிருக்காங்க. படிச்சப்ப மனசு நெறஞ்சு போச்சு.

கடைசியா எக்ஸாம் செல் அக்கா. நாங்க எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ்னு சந்தோஷமா போய் நின்னோம். அவங்க போன வருஷ இன்டர்னல் மார்க் ரெஜிஸ்டர எடுத்து, ஸ்கேல வெச்சு ஒவ்வொரு வரியா ஸ்க்ரீனோட ஒப்பிட்டாங்க. பாதிலயே நிறுத்தி, "இந்தப் பொண்ணுக்கு 18 போட்டிருக்கு, உங்கள்து 17 காட்டுதேப்பா"ன்னாங்க. பழைய கோடு 17.2-ஐ மேல தூக்கி 18 ஆக்கும், நாங்க கிட்டத்து நம்பருக்கு ரவுண்ட் பண்ணியிருந்தோம். எங்க டெஸ்டும் அதே தப்போட எழுதினதுதான், அதனால எதுவும் சிவப்பு ஆகல. அவங்க பார்க்கலேன்னா எத்தன பேருக்கு ஒரு மார்க் போயிருக்கும்! அன்னிக்கு சாயங்காலமே மாத்தி, அந்தப் பொண்ணோட 17.2-ஐயே ஒரு டெஸ்ட் கேஸா போட்டாச்சு.

அக்கா, ரெஜிஸ்டர் எங்ககிட்டதான் இருக்கு, திங்கக்கிழமை காலைல கொண்டு வந்து குடுத்துடறோம்.