காத்திருந்த எல்லோருக்கும்

எங்கள் ஸ்கேட்போர்டு வீடியோ வெளியாகிவிட்டது. மொத்தம் 19 நிமிடம். அதற்கு மூன்று வருடமும் 43 டேப்பும் பிடித்தன. பார்த்தவர்கள், பார்த்துவிட்டு எழுதியவர்கள், நள்ளிரவில் கூப்பிட்டுப் பேசியவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக வேறு சிலருக்கு. இந்த மூன்று வருடத்தில் நாங்கள் போர்டில் ஓடிய நேரத்தைவிட யாராவது ஒருவர் இன்னொருவருக்காகக் காத்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம், அப்படி நின்றவர்களில் பாதிப் பேரின் முகம் வீடியோவில் இல்லை, அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வேலையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

லைன் என்றால் மூன்று நான்கு ட்ரிக்கை நிற்காமல் ஒரே ஓட்டத்தில் போடுவது. ஓடுபவருக்குப் பின்னாலேயே படம் எடுப்பவரும் போர்டில் போக வேண்டும், கேமராவை மேல் கைப்பிடியில் பிடித்துக் கீழே தொங்கவிட்டு, அகலக் கோணத்தில் வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் தரையை உரசாத குறையாக. மூன்றாவது ட்ரிக்கில் கால் தவறினால் எல்லாம் முதலிலிருந்து. நான்காவது நிமிடத்தில் வரும் லைன் திரையில் 11 நொடிதான், எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்த இரண்டு நாளும் துடைப்பத்தோடு நின்ற தம்பிக்குத்தான் முதல் நன்றி. ஒவ்வொரு முறை விழுந்து எழுந்து திரும்பி வருவதற்குள் தரையைப் பெருக்கி வைத்திருப்பான். 52 மில்லிமீட்டர் சக்கரத்துக்குச் சின்னக் கல் ஒன்று போதும், போர்டு அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். அது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அப்போது அவனுக்கு 13 வயது, ஆலிகூட, அதாவது கையால் தொடாமல் போர்டோடு துள்ளுவதுகூட, வராது. இப்போது துள்ளும்போதே போர்டைக் காற்றில் ஒரு சுற்றுச் சுழற்றும் கிக்ஃப்ளிப் போடுகிறான்.

அப்புறம் பட்டி அண்ணன். உங்களை இப்படித்தான் எல்லோரும் கூப்பிடுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். காருக்கு ஒடுக்கெடுத்த பிறகு பூசுவார்களே அந்தப் பட்டியை டப்பாவில் கொண்டுவந்து, படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் விரிசலை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, “இனிமே போங்கடா” என்று ஓரமாக உட்கார்ந்துகொள்வார். முழங்கால் போன பிறகு அவர் போர்டில் ஏறுவதில்லை. பட்டி காயும் நேரத்தில் அவர் சொன்ன கதைகள்தான் எங்கள் ஸ்கேட்போர்டு பிராண்டுக்கே விதை. அமெரிக்க ஸ்கேட்டர் ராட்னி முல்லன் 1982இல் ஆலியைச் சமதரைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெருவும் படிக்கட்டும் நமக்குக் களமானது என்பார். பவல் பெரால்டா கம்பெனி 1984இல் முதல் வீடியோவை விட்டது, அன்றிலிருந்து போர்டு விற்பதும் வீடியோ எடுப்பதும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் என்பார். 1987இல் ஸ்கேட்டர் ஸ்டீவ் ராக்கோ வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற போர்டு கம்பெனியைத் தொடங்கியதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும்: “போர்டுல நின்னவன்தான் கம்பெனி ஆரம்பிச்சான், நீங்க ஏன் முடியாதுங்கறீங்க?” அந்தக் கேள்வியை அவர் என்னிடம் குறைந்தது இருபது முறையாவது கேட்டிருப்பார். அண்ணா, முடிந்தது.

ஒரு கட்டிடத்தின் காவலாளி ஐயாவும் உண்டு. அவர் விரட்டத்தான் வந்தார், விரட்டுவது அவர் வேலை, அதில் தப்பே இல்லை. எங்கள் பெண் ஸ்கேட்டர் மூச்சிரைக்கப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர், “பத்து நிமிஷம், அதுக்கு மேல என் வேலைக்கு ஆபத்து” என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஒன்பதாவது நிமிடம் ட்ரிக் இறங்கியது. நாங்கள் போட்ட கூச்சலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இந்த வீடியோ அவர் கண்ணில் படுமா தெரியாது. பட்டால், ஐயா, அந்தப் பத்து நிமிடம்தான் அவளுடைய பார்ட்டின், அதாவது வீடியோவில் அவளுக்கான பகுதியின், முதல் காட்சி.

எங்கள் கேமரா 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000. போனிலேயே எடுக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. போர்டின் பின்முனையான டெய்ல் தரையில் அறையும் அந்த ‘டக்’, சக்கரம் சிமென்டில் ஓடும் கரகரப்பு, இதெல்லாம் அதன் மைக்கில் பதிவதுபோல் வேறெதிலும் எனக்குக் கேட்டதில்லை, அதனால் அதைவிட்டு நகர மனமில்லை. ஆனால் டேப் கேமராவுக்குப் பொறுமை வேண்டும். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்குச் சேர்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். கேமராவை மூன்று முறை பிரித்துச் சேர்த்துக் கொடுத்த அக்கா, மூன்றாவது முறை உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காமல் உங்களிடமிருந்த பழைய கேமராவிலிருந்தே கழற்றிப் போட்டீர்கள். அதை என்னிடம் சொல்லவும் இல்லை, வேறொருவர் சொல்லித்தான் தெரியும். என் அறை நண்பன் ராத்திரி எழுந்து எழுந்து டேப் மாற்றினான். 43 டேப் என்றால் 43 மணி நேரம். எழுந்தது பெரும்பாலும் அவன்தான்.

இனி கடைசி பார்ட். அதற்குச் சொந்தக்காரன் மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது வீடியோ முக்கால்வாசி முடிந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு வந்து, “என்னை விட்டுட்டு வெளியிடுங்க, எல்லாரும் காத்திருக்காங்க” என்றான். அன்று வீடியோவில் இருந்த மற்ற நான்கு ஸ்கேட்டர்களும் ஆளுக்கொரு வேலையாக எழுந்து போனார்கள், யாரும் பதில் சொல்லவில்லை, அதுவே பதில். ஐந்து மாதம் தள்ளிப் போட்டோம். அந்த நான்கு பேருக்கும் தங்கள் காட்சிகள் பழசாகிக்கொண்டிருப்பது தெரியும். போன வருடம் போட்ட ட்ரிக்கை இந்த வருடம் பார்க்கும்போது ஸ்கேட்டருக்கு எப்படி இருக்கும் என்று ஸ்கேட்டருக்குத்தான் தெரியும். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒன்பது படியைத் தாண்டும் அந்த கிக்ஃப்ளிப்புக்காக மூன்று முறை போனோம். முதல் இரண்டு முறை போர்டு காலடிக்கு வந்தும் அவன் காலை விலக்கிக்கொண்டே இருந்தான், கை திரும்ப உடைந்துவிடும் என்கிற பயம். மூன்றாவது முறை, ராத்திரி, ஓடிவரும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு காலும், சக்கர அச்சைப் பலகையோடு பூட்டும் போல்ட்டுக்கு மேலேயே வந்து உட்கார்ந்தன.

பிராண்டுக்கு வருகிறேன். முதலில் அடித்தது 50 டெக். டெக் என்பது போர்டின் பலகை: ஏழு மேப்பிள் தகடு, ஐந்து நீளவாக்கில், இரண்டு குறுக்குவாக்கில், நடுவில் பசை, பிரஸ்ஸில் வளைவு. அந்த 50இல் 11 டெக்குக்கு ஒரே மாதத்தில் விளிம்பு வாய் பிளந்தது, தகடு தகடாகப் பிரிந்துகொண்டது. செய்து கொடுத்த பட்டறை கையை விரித்துவிட்டது. அந்த 11 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: மாற்றுப் பலகை தருகிறேன், எப்போது என்று சொல்ல முடியவில்லை. பத்துப் பேர் “சரி, பரவாயில்லை” என்றார்கள். பதினோராவது ஆள் பணத்தைத் திரும்பக் கேட்டார், கேட்டதில் நியாயம் இருந்தது, கொடுத்தேன், இரண்டாவது தடவை டெக் வந்ததும் முதலில் வாங்கியவரும் அவர்தான்.

அந்த இரண்டாவது தடவைக்கு வேறு பட்டறை. அங்கே பிரஸ் ஓட்டும் பெரியவர் ஒரு நாள் முழுக்க என்னை நிற்க வைத்துக் காட்டினார். பிரஸ்ஸிலிருந்து எடுத்த உடனே வெட்டக் கூடாது, பலகைக்குச் சில நாள் ஓய்வு கொடுத்தால்தான் பசை இறுகி வளைவு நிலைக்கும். அவசரப்பட்டால் பின்னால் முறுக்கிக்கொள்ளும். விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார், நகம் எங்கேயாவது மாட்டினால் அந்தப் பலகை தனியாகப் போய்விடும். நான் கேட்ட தேதிக்குக் கொடுக்க மாட்டேன் என்று கறாராகச் சொன்னதற்காக அவருக்கு நன்றி. அந்த டெக்குகளில் ஒன்றுகூட இதுவரை பிரிந்து வரவில்லை. படியில் விழுந்து இரண்டாக உடைந்தவை உண்டு, அது வேறு கணக்கு.

டெக்குக்குப் படம் வரைந்த தங்கை பணம் வாங்க மறுத்து ஒரு டெக்கைச் சுவரில் மாட்டிக்கொண்டாள், அடுத்த படத்துக்குப் பணம் வாங்கித்தான் ஆக வேண்டும். உரிமை இல்லாத பாட்டுக்காக வீடியோவின் சத்தத்தையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தபோது, தன் சொந்த இசையில் மூன்றை அப்படியே தூக்கிக் கொடுத்த நண்பருக்கு நன்றி. பெட்டி பெட்டியாகப் பலகை அடுக்கியிருந்ததால் ஆறு மாதம் சுவரோரமாக நடந்த என் வீட்டாருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு மன்னிப்பு. வீடியோ முடிவில் ஓடும் பெயர்களில் ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது. வெளியான பிறகுதான் பார்த்தேன், தவறு முழுக்க என்னுடையது, அடுத்த பிரதியில் சேர்த்துவிட்டேன். அந்த ஒன்பது படி ராத்திரியில் விளக்கு ஸ்டாண்டின் கால் உடைந்திருந்தது. பெயர் விட்டுப்போன நீதான் சுவர்மேல் ஏறி நின்று, விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தபடி நின்றாய். கை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, வெளிச்சம் ஆடினால் அவனுக்குப் படி தெரியாது என்றாய். அந்தக் காட்சியை நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். படியின் நிழல் ஓரிடத்தில்கூட அசையவில்லை.