மேமோகிராம் முகாமுக்கு ஆள் சேர்த்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கறுப்பின மக்கள் அதிகம் வாழும் சிகாகோ சவுத் சைடில், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தேவாலய வாசலில் நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நல்லபடியாக முடிந்தது. வேனுக்குள் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே படம் எடுத்தவள் நான் என்பதால் எல்லாரும் எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அது வேலை, சம்பளம் வருகிறது. மெஷின் வரைக்கும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வேறு. இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் சலூன் அக்கா. அவரிடம் முடி பின்னிக்கொள்ள உட்கார்ந்தால் எழ மணிக்கணக்காகும். பாதிப் பின்னலோடு தெருவில் இறங்கி ஓடவும் முடியாது. அந்த நேரம் பார்த்து, "நாற்பது தாண்டியாச்சே, மேமோகிராம் எடுத்தியா?" என்று கேட்பார். பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே பெயரை எழுதிக்கொள்வார். 50-க்கு மேல்தான் தேவை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்காவின் தேசிய நிபுணர் குழு 2024 ஏப்ரலிலேயே மாற்றிச் சொல்லிவிட்டது. கறுப்பினப் பெண்களுக்கு இது வெறும் விதி மாற்றம் இல்லை. நோய் இவர்களுக்கு வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் சாவு ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். வேகமாகப் பரவும் ட்ரிபிள் நெகட்டிவ் வகையும் இவர்களிடம் சுமார் இரண்டு மடங்கு.

உடம்புவாகு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. 1980 வாக்கில் இதே சிகாகோவில் இரு இனத்தாரின் சாவு விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2003-இல் கறுப்பினப் பெண்களின் விகிதம் 68 சதவீதம் கூடுதல். நடுவில் மெஷின் வந்தது, நல்ல மருந்து வந்தது. வந்தது யார் வீட்டுப் பக்கம் என்பதுதான் கேள்வி.

அடுத்து போதகரின் மனைவி. இங்கே அவரை ஃபர்ஸ்ட் லேடி என்றுதான் கூப்பிடுவார்கள். தன் அறுவை சிகிச்சையைப் பற்றி மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் பேசினார். அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் நோய்க்கு மருந்து தராமல் 1972 வரை வேடிக்கை பார்த்த ஆராய்ச்சியை இந்தப் பெண்கள் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரர் வந்து பயப்படாதே என்றால் எடுபடாது. ஃபர்ஸ்ட் லேடி சொன்னதும் வரிசை நீண்டது.

வெள்ளைக் கையுறை போட்டு, தேவாலயத்துக்கு வருபவர்களை வரவேற்று உட்காரவைக்கும் அஷர் பாட்டியையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய பெரிய தொப்பிகள். உள்ளே போகிறவர்களின் தொப்பி, கைப்பை எல்லாம் அவர் மடியில்தான். டியோடரன்ட் பூசி வந்தவர்களை ஈரத்தாளால் துடைக்கவும் வைத்தார். அது அக்குளில் இருந்தால் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரிந்து குழப்பும். என் பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

அப்புறம் நம்மவர்கள். புறநகர் நேப்பர்வில்லிலிருந்தும் ஷாம்பர்க்கிலிருந்தும் டான் ரயன் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, வயதானவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட்டீர்கள். புளியோதரை நிமிஷத்தில் காலி, காரம் கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் ஒரு விமர்சனம் வந்தது.

சரி, ஒரு கோரிக்கையும் உண்டு. இப்படிப் படம் எடுப்பவர்களில் பத்துக்கு ஒருவரைக் கூடுதல் பரிசோதனைக்கு மறுபடி கூப்பிடுவது வழக்கம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் போயாக வேண்டும். வேலைக்கு லீவு கிடைக்காமலும், வண்டி இல்லாமலும், முதல் படம் இலவசம், அடுத்ததற்கு எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்திலும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கட்டண விஷயத்தைக் கவனிக்க தேவாலயத்தில் இருவர் முன்வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் என் நன்றி. கார்தான் பற்றவில்லை. வார நாளில் பகல் நேரம் வர முடிந்தவர்கள் எந்தக் கிழமை தோது என்று எனக்குச் சொல்லுங்கள். புளியோதரை அண்டா என் வீட்டில்தான் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வேனில் படம் எடுத்தவள்