நூறை நெருங்கும் கிராண்ட் கேன்யன் விமான நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

கிராண்ட் கேன்யன் சீனிக் ஏர்லைன்ஸ் நிர்வாகத்தினருக்கும், அங்கே வேலை பார்க்கும் விமானிகள், மெக்கானிக்குகள், கவுன்ட்டர் ஊழியர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

உங்கள் பிறந்த ஆண்டு என்று நீங்கள் சொல்வது 1927. அந்தக் கணக்குப்படி 2027-ல் உங்களுக்கு வயது நூறு. விமானத் தொழிலில் நூறு வயதைத் தொடும் நிறுவனங்கள் மிகக் குறைவு. அதனால் பெரிதாகவே விழா எடுங்கள். அதற்கு முன்னால் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த நூறு ஆண்டுக் கதையைச் சொல்லும்போது முழுசாகச் சொல்லுங்கள். வழியில் உங்களோடு வந்து கலந்த நிறுவனங்களின் பெயரையும் சொல்லுங்கள். உங்கள் விமானம் ஒன்று விபத்தில் சிக்கிய 1986 ஜூன் 18-ம் தேதியையும் விட்டுவிடாதீர்கள்.

நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லர் என்ற ஊரில் குடியிருக்கும் தமிழன். இதே கடிதத்தை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிப் தொழிற்சாலை வேலை, ஐடி வேலை என்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் நிறையப் பேர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் கூட்டிப்போகும் இடம் கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்குதான். உங்கள் கதையில் எங்களுக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது, அது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

ஜே. பார்க்கர் வான் ஸான்ட் என்பவர்தான் தொடக்கம். முதல் உலகப் போர்க்கால விமானி, அப்புறம் ஃபோர்டு நிறுவனத்தில் இருந்தவர். 1927-ல் சீனிக் ஏர்வேஸ் என்ற பெயரில் நிறுவனம் ஆரம்பித்து, கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்குத் தெற்கே ரெட் பியூட் என்ற தனிக்குன்றின் அருகே ஓடுதளம் போட்டார். ஹவசுபாய் என்ற பழங்குடி மக்களுக்குப் புனிதமான குன்று அது. ஃபோர்டு ட்ரைமோட்டார் விமானங்களில் பயணிகளை ஏற்றிப் பள்ளத்தாக்கின் மேலே பறந்து காட்டினார்கள். மூன்று எஞ்சின், உடம்பெல்லாம் நெளிநெளித் தகடு. இதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1922-ல், ஆர். வி. தாமஸ் என்ற விமானி பள்ளத்தாக்குக்குள்ளேயே ஒரு மேடான திட்டில் விமானத்தை இறக்கிக் காட்டியிருந்தார். அது சாகசம். காசு கொடுத்தால் யாரும் ஏறிப் பார்க்கலாம் என்று அதை ஒரு தொழிலாக்கியது வான் ஸான்ட்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1928-ல் ஃபீனிக்ஸில் 278 ஏக்கர் நிலம் வாங்கி ஒரு விமான நிலையம் அமைத்தார். அதற்கு ஸ்கை ஹார்பர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஊரை விட்டுத் தள்ளி வயல்வெளி நடுவே இருந்ததால் அக்கம்பக்கத்தில் அதைப் ‘பண்ணை’ என்றே கூப்பிட்டார்களாம். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. சீனிக் ஏர்வேஸ் கைக்காசு இல்லாமல் அந்த நிலத்தை விற்றது. கைமாறிய நிலத்தை 1935-ல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து நகராட்சி வாங்கியது. இன்றைக்கு ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவது அதே ஸ்கை ஹார்பரில்தான். கிராண்ட் கேன்யனைச் சுற்றிக்காட்டப் பிறந்த ஒரு சின்ன நிறுவனம் வைத்த பெயர், ஒரு பெருநகரத்தின் வாசலில் இன்னும் நிற்கிறது. நிறுவனத்தின் பெயர்தான் நிலைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளத்தாக்குச் சேவை கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸ் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் இன்னொரு கிளை. 1967-ல் ஜான் ஸீபோல்டும் அவர் மனைவி எலிசபெத்தும் லாஸ் வேகஸில் சீனிக் ஏர்லைன்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே தவிர, பழைய சீனிக் ஏர்வேஸோடு இதற்குச் சம்பந்தம் கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்து வளர்த்த தொழில் அது. 1993-ல் யூட்டா மாநிலத்து ஸ்கைவெஸ்ட் அதை வாங்கியது. 1998-ல் ஸ்கைவெஸ்ட் அதை ஈகிள் கேன்யன் ஏர்லைன்ஸுக்கு விற்றது. அதுவரை வேகஸிலிருந்து இதே சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்த நிறுவனம்தான் ஈகிள். வாங்கியவர்கள் தங்கள் பெயரைக் கீழே போட்டுவிட்டு, மக்கள் அறிந்த சீனிக் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த சீனிக், கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸோடு வந்து சேர்ந்தது. இரண்டு பெயரையும் ஒட்டவைத்ததுதான் இன்று உங்கள் விமானங்களில் எழுதியிருக்கும் பெயர். இன்னொரு பக்கம், 1965-ல் எல்லிங் ஹால்வர்சன் தொடங்கிய பாப்பியோன் ஹெலிகாப்டர் நிறுவனமும் இன்று உங்கள் உறவு நிறுவனம்.

இவ்வளவையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் இப்படிக் கைமாறும்போது என்ன நடக்கும் என்று வேலைக்குப் போகிற எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர் பலகையை மாற்றுவார். பழைய ஆபீஸைக் காலி செய்வார்கள். இத்தனை மணி நேரம் பறந்தது, இந்த பாகம் மாற்றியது என்று மெக்கானிக் கைப்பட எழுதிய நோட்டுகளை, சட்டம் கேட்கிற வரை வைத்திருந்துவிட்டுத் தூக்கிப் போடுவார்கள். சுவரில் மாட்டியிருந்த குரூப் போட்டோவை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவார். ஈகிளில் வேலை பார்த்தவரிடம் நீங்கள் எந்தக் கம்பெனி என்று கேட்டால், இன்றைக்கு இல்லாத ஒரு பெயரைத்தான் அவர் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் விளம்பரத்துக்கு மிஞ்சுவது பழசிலும் பழசான ஒரு ஆண்டு மட்டும்தான்.

இதை எழுதத் தூண்டியது என் அம்மா கேட்ட ஒரு கேள்வி. தெற்கு விளிம்பை ஒட்டிய டுசாயன் விமான நிலையத்திலிருந்து அவரைச் சுற்றுலா விமானத்தில் கூட்டிப் போயிருந்தேன். ஏறுவதற்கு முன்னால் எடை பார்த்தார்கள். சின்ன விமானம், அதனால் யார் எங்கே உட்காருவது என்பதை எடைதான் முடிவு செய்கிறது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கூச்சத்தோடு மெஷினில் ஏறினார். நாங்கள் ஏறிய ட்வின் ஆட்டர் ரக விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே இருக்கும், சக்கரம் மடங்காது. ஜன்னல்களைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அதனால் குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. கிளம்பின சில நிமிஷத்துக்கு வெறும் பைன் காடு. பச்சைக் கம்பளம் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று தரை இல்லை. அம்மா முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கிழக்கே திரும்பினோம். லிட்டில் கொலராடோ ஆறு வந்து கலக்கும் இடம் தெரிந்தது. இரண்டு நீருக்கும் இரண்டு நிறம், கலந்த பிறகும் கொஞ்ச தூரம் பிரிந்தே ஓடுகிறது. கீழே இறங்கினதும் அம்மா கேட்டார், “இந்த மலை இடுக்குல பிளேன் மோதினதே இல்லையாப்பா?”

மோதியிருக்கிறது, அம்மா. நாம் பார்த்த அந்த ஆற்றுச் சந்திக்குப் பக்கத்திலேயே மோதியிருக்கிறது.

1956 ஜூன் 30. டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் ஒன்றும் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்றும், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று நிமிஷ இடைவெளியில் கிளம்பியவை, கிராண்ட் கேன்யன் வானத்தில் ஒன்றோடொன்று மோதின. இரண்டிலுமாக 128 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. டெம்பிள் பியூட், சுவார் பியூட் என்ற இரண்டு மொட்டைமலைகளில் போய் விழுந்தன. அந்த விமானங்கள் உங்களுடையவை அல்ல. ஆனால் சிதைவைக் கண்டுபிடித்தது யார்? கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸை நடத்திக்கொண்டிருந்த பேலன் ஹட்ஜின், ஹென்றி ஹட்ஜின் என்ற இரண்டு சகோதரர்கள். பேலன் அன்று சுற்றுலாப் பயணிகளோடு பறந்தபோது அந்தப் பக்கம் புகை வருவதைப் பார்த்திருக்கிறார். மின்னல் விழுந்து புதர் எரிகிறது என்று நினைத்திருக்கிறார். இரண்டு பெரிய விமானங்களைக் காணவில்லை என்ற செய்தி வந்ததும் அண்ணனும் தம்பியுமாகத் திரும்பப் பறந்துபோய், இருட்டுவதற்குள் டிடபிள்யூஏ விமானத்தின் வாலைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் 1958-ல் புதிய விமானச் சட்டம் வந்து, அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் இன்றைய எஃப்ஏஏ அமைப்பு உருவானது. அமெரிக்க வானத்தின் சட்டதிட்டத்தையே மாற்றிய ஒரு நாளில், உங்கள் நிறுவனத்துக்காரர்கள் இரண்டு பேர் செய்த வேலை இது. இதைவிடப் பெருமைப்படத்தக்க பக்கம் உங்கள் நூறு ஆண்டில் வேறு எது?

இனி கடினமான பக்கம். 1986 ஜூன் 18, காலை ஒன்பதரை மணி வாக்கில், கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர் ஒன்றும், ஹெலிடெக் என்ற வேறொரு நிறுவனத்தின் ஹெலிகாப்டரும் பள்ளத்தாக்கின் மேல் மோதின. விமானத்தில் 20 பேர், ஹெலிகாப்டரில் 5 பேர். 25 பேரும் இறந்தார்கள். பயணிகளில் பலர் நெதர்லாந்திலிருந்து வந்தவர்கள். இரண்டுமே ஊர் சுற்றிக்காட்டக் கிளம்பியவை. ஒரே அழகைப் பார்க்க ஒரே இடத்துக்கு வந்தவை.

விசாரணை அறிக்கை சொன்னது இதுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விலகவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. கறுப்புப் பெட்டி இல்லை, அந்த வகை விமானத்துக்கு அன்று அது கட்டாயமும் இல்லை. எல்லாச் சுற்றுலா விமானங்களும் அதே சில காட்சிகளைக் காட்டப் போவதால் கூட்டம் ஒரே வழியில் சேர்ந்துவிடுகிறது என்பதும் தெரிய வந்தது. அடுத்த ஆண்டே, 1987-ல், தேசியப் பூங்காக்கள் மீது பறப்பதற்கான சட்டம் வந்தது. பூங்காவுக்குள் விளிம்புக்குக் கீழே இறங்கிப் பறப்பதை நிறுத்தினார்கள். 1988-ல் எந்தப் பகுதியில் பறக்கவே கூடாது, எந்த வழியாகப் போகலாம், ஹெலிகாப்டர் எந்த உயரம், விமானம் எந்த உயரம் என்று பிரித்து வரைபடமே போட்டார்கள். என் அம்மாவை ஏற்றிப்போன விமானி கிழக்கே திரும்பியதும், அந்த உயரத்தில் பறந்ததும், அவர் விருப்பத்துக்குச் செய்ததில்லை. 25 பேர் இறந்த பிறகு எழுதிய விதி அது. இன்று உங்களை நம்பி ஏறுகிற ஒவ்வொருவரும் அந்த 25 பேரிடம் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கேதான் நிறுவன இணைப்பு பற்றிய என் கேள்வி வருகிறது. கைமாறிய நிறுவனத்தை வாங்கியவர், லாபமான பெயரை எடுத்துக்கொண்டு, கசப்பான பக்கத்தை ‘அது அந்தப் பழைய முதலாளி காலத்துச் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிட வசதி உண்டு. சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் 1927 உங்களுடையது என்றால் 1986-ம் உங்களுடையதுதான். வான் ஸான்ட் உங்கள் முன்னோர் என்றால், அந்த ட்வின் ஆட்டரை ஓட்டிய இரண்டு விமானிகளும் உங்கள் முன்னோர்தான். எங்கள் வீடுகளில் திதி கொடுக்கும்போது, நல்லபடியாக வாழ்ந்துபோனவர்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு விபத்தில் போனவரை விட்டுவிடுவதில்லை.

பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மாவிடம் அன்று சாயங்காலம் இரண்டு விபத்தையும் சொன்னேன். அதனால் என்னென்ன விதி வந்தது என்பதையும் சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் தைரியமா உட்கார்ந்திருப்பேன்” என்றார். எடை பார்க்கும் மெஷினுக்கும், பெரிதாக்கிய ஜன்னலுக்கும், சத்தத்தைக் குறைக்கப் போட்ட நான்கு இலை ப்ரொப்பெல்லர் விசிறிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனசுக்குத் தெம்புதான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். லாஸ் வேகஸ் பக்கத்துப் போல்டர் சிட்டியிலும் டுசாயனிலும் பயணிகள் காத்திருக்கும் ஹாலில் நூற்றாண்டை ஒட்டி ஒரு சுவரை இதற்காக ஒதுக்குங்கள். அதில் சீனிக் ஏர்வேஸ், கிராண்ட் கேன்யன் ஏர்லைன்ஸ், ஸீபோல்டு தம்பதியின் சீனிக் ஏர்லைன்ஸ், ஸ்கைவெஸ்ட் கையில் இருந்த ஐந்து ஆண்டுகள், ஈகிள் கேன்யன் எல்லாம் குடும்ப மரம் போல வரிசையாக வரட்டும். ஹட்ஜின் சகோதரர்கள் வரட்டும். 1986-ல் இறந்த 25 பேரையும் அந்தச் சுவர் நினைவுகூரட்டும். ஹெலிகாப்டரில் போன ஐந்து பேர் வேறு நிறுவனத்தின் பயணிகள் என்று பிரிக்க வேண்டாம். பெயர்களைப் போடும் முன்னால் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய லாக் புத்தகம், போட்டோ, கால அட்டவணை என்று உங்கள் ஹேங்கரிலோ ஓய்வுபெற்ற ஊழியர்கள் வீட்டிலோ இருப்பதை எல்லாம் திரட்டி ஒரு நூலகத்தில் சேருங்கள். ஃபிளாக்ஸ்டாஃபில் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிளைன் நூலகம் கொலராடோ பீடபூமியின் வரலாற்றுக்கென்றே ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறது. ஓய்வுபெற்ற விமானிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அறுபதுகளில் ஓட்டியவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிய வயது, இது தள்ளிப்போடக்கூடிய வேலை இல்லை.

நீங்கள் பறக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஹவசுபாய், ஹுவாலபாய், நவாஹோ, ஹோப்பி பழங்குடி மக்களையும் கேளுங்கள். நூறு ஆண்டாகத் தலைக்கு மேலே எஞ்சின் சத்தத்தைக் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதில் உங்களுக்குப் பிடிக்காதது இருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

அந்தச் சுவருக்கு எழுதுவதைத் தமிழில் தர வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன். சம்பளம் வேண்டாம். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் உங்கள் விமானத்தில் ஏறியவர்கள் பழைய போட்டோ ஏதாவது வைத்திருந்தால் அதைத் திரட்டித் தரவும் தயார். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சாண்ட்லரிலிருந்து ஒரு தமிழ்ப் பயணி