மேல் மாடி டீச்சரின் மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகன்,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவர் குறைத்ததால் அல்ல, நான் பிஸ்கட் ரின்னை இடம் மாற்றியதால். பெரியப்பா வீட்டு விடயம் அப்படியேதான் கிடக்கிறது. அதை எழுதப் போனால் பேப்பர் காணாது.

எழுத வந்தது வேறு. மேல் மாடி டீச்சரின் மகன் போன கிழமை வந்திருந்தான். 9 வருடம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன், அதை விட்டுவிட்டு பீ.ஆர். (மக்கள் தொடர்பு) பக்கம் போகப் போகிறானாம். "அன்ரி, நீங்கள் 30 வருடம் அந்த மேசையில் இருந்தனீங்கள், எந்த வழியால உள்ளே போறது?" என்று கேட்டான். வாயால் சொன்னது மனதில் நிற்காது என்று எழுதி வைத்தேன். ஒரு பிரதி உனக்கும் அனுப்புகிறேன். அங்கே யாரும் பெடியன் கேட்டால் கொடுக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த வேலைக்கு முன்வாசல் கிடையாது. டொக்டருக்கு ஒரு பீடம் இருக்கிறது, வழக்கறிஞருக்குச் சட்டக் கல்லூரி இருக்கிறது. இதற்கு வந்தவர்கள் பெரும்பாலும் கோடிப்பக்கத்துப் படலையால் வந்தவர்கள். அமெரிக்காவில் இதைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரான ஐவி லீ ஒரு பத்திரிகை நிருபர். இன்னொரு முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ் 1912இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் எடுத்தது விவசாயப் பட்டம். ஒரு மருத்துவச் சஞ்சிகையின் ஆசிரியர் மேசையில் இருந்தபடிதான் நாடக விளம்பரத்துக்குள் கால் வைத்தார். பிறகு பெரிய பீ.ஆர். நிறுவனம் ஒன்றைக் கட்டின ஹரல்ட் பேர்சன் இராணுவப் பொறியியல் பிரிவில் இருந்து, நாஸித் தலைவர்கள் மீதான நியூரம்பேர்க் வழக்கை இராணுவ வானொலிக்கு எழுதியவர். இங்கே களனியில் வெகுசனத் தொடர்பாடல் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு, நல்ல பிள்ளைகள். ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் பாதிப்பேர் வேறு எதற்கோ படித்தவர்களாக இருப்பார்கள். ஆகவே டீச்சரின் மகன் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பத்திரிகையில் இருந்து வருபவர்களுக்குத்தான் முதலில் கதிரை போடுவார்கள். எது செய்தி, எது விளம்பரம் என்று மணத்திலேயே பிடிப்பார்கள். பக்கம் எத்தனை மணிக்கு மூடும், ஞாயிறு மலர் கிழமை நடுவிலேயே நிரம்பிவிடும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்கள் இடறுவது அனுமதி எடுக்கிற இடத்தில். ஒரு பக்க அறிக்கை பிரிவுத் தலைவர், சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு, பொது முகாமையாளர் என்று நாலு மேசை ஏறி இறங்கும். ஆளுக்கொரு சொல் சேர்ப்பார்கள். திரும்பி வரும்போது முதல் பந்தியில் தலைவரின் 'தூரநோக்கு' உட்கார்ந்திருக்கும், செய்தி நாலாம் பந்திக்குப் போயிருக்கும். புதிதாக வந்த நிருபர் கோபித்துக்கொண்டு வெளியே போய் சிகரட் பத்துவார். பழகினவர் அந்தத் தூரநோக்கை வெட்டமாட்டார். தலைவர் கூறியதாக மேற்கோள் குறிக்குள் போட்டு மூன்றாம் பந்திக்கு இறக்கிவிடுவார். தலைவருக்கும் சந்தோசம், பத்திரிகையில் உப ஆசிரியருக்கு வெட்டவும் லேசு.

மொழியால் வருகிற வழி கொழும்புக்கென்றே உள்ள வழி. அறிக்கை மூன்று மொழியிலும் போக வேண்டும். ஆங்கிலம் காலையில் முடிந்துவிடும், சிங்களம் மத்தியானம் முடியும், தமிழ் பின்னேரம் நாலரைக்கு "கொஞ்சம் பார்த்துத் தாங்கோ" என்று வரும். இப்போது கணினியில் போட்டு மொழிபெயர்த்து எடுக்கிறார்கள். வங்கி அறிக்கையில் வட்டி வீதம் 'ஆர்வ விகிதம்' என்று நிற்கும், நடைமுறைக் கணக்கு 'தற்போதைய கணக்கு' ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க மொழி மட்டும் போதாது, வங்கியில் ஒரு படிவமாவது நிரப்பியிருக்க வேண்டும். அதோடு தமிழை யுனிகோட்டில் அனுப்பச் சொல்லு. பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து மின்னஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். உப ஆசிரியர் போன் எடுத்துக் கேட்கமாட்டார். அழித்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்.

ஹோட்டல் முன்மேசையில் இருந்து வருபவர்களுக்கு வேறு கண். மங்கள விளக்கை யார் எத்தனையாவதாக ஏற்றுவது, எண்ணெய் போதுமா, மின்விசிறி விளக்குக்கு நேர் மேலே சுழல்கிறதா என்று பார்ப்பார்கள். எழுதச் சொன்னால்தான் வியர்க்கும்.

என்னைக் கேட்டால், நல்ல ஆட்கள் முறைப்பாட்டு மேசையில் இருந்து வருகிறார்கள். அவர்களை ஒருவரும் மதிப்பதில்லை. பில் கூடிவிட்டது என்று சத்தம் போட்டு வருபவர் உண்மையில் கேட்பது, ஏன் நாலு நாளாகப் போனை ஒருவரும் எடுக்கவில்லை என்று. அது மூன்றாம் வசனத்தில்தான் வெளியே வரும். அதுவரை வாயை மூடிக் கேட்டுப் பழகினவரிடம், நாளைக்கு ஊடகச் சந்திப்பில் வரக்கூடிய 20 கேள்வியை எழுது என்றால், மிக மோசமானதை முதலாவதாக எழுதித் தருவார். மற்றவர்கள் எழுதும் பட்டியலில் அந்தக் கேள்வியே இராது. அரச நிறுவனங்களில் இது இன்னும் முக்கியம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒருவர் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். இன்றைக்கு வழுக்கி விட்ட பதில் ஒரு மாதத்தில் உன் கந்தோர் முத்திரையோடேயே பேப்பரில் வரலாம்.

இனி ஆய்வுகூடம். அந்த 9 வருடம் வீணாகப் போய்விட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதே என்று அவனுக்குச் சொன்னேன். நோயாளியின் மாதிரியைப் போட முதல் கொன்ட்ரோல், அதாவது விடை தெரிந்த மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்க்கிறவன் அவன். இரத்தத்தில் சிவப்பணு உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக உயரும் என்று தெரிந்து, ரிப்போர்ட் அடிக்காமல் புதிதாக இரத்தம் எடுத்து அனுப்பச் சொல்கிறவன். 'கண்டறியப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று அறிந்தவன். இந்த மூன்றும் தெரியாததால் எத்தனை பேர் கவிழ்ந்தார்கள்! ஐவி லீயையே பார். 1906இல் ரயில் விபத்து நடந்தபோது, மறைக்காமல் நிருபர்களை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார் என்று இன்றைக்கும் பாடம் எடுக்கிறார்கள். அதே மனிதர் 1914இல் கொலராடோ சுரங்க வேலைநிறுத்தத்தில் முதலாளி பக்கம் தந்த கணக்கைச் சரிபார்க்காமல் அச்சடித்தார். விசாரணைக் குழுவுக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கெட்ட மாதிரிக்கு ரிப்போர்ட் போட்ட கதை அது.

ஆனால் ஆய்வுகூடத்தில் இருந்து வருபவர்களின் எழுத்து காய்ந்திருக்கும். 'மேற்கொள்ளப்பட்டது', 'அவதானிக்கப்பட்டது' என்று ஆளே இல்லாத வசனம். யார் செய்தார் என்று ஒவ்வொரு வசனத்திலும் கேட்கச் சொல்லு. இன்னொன்று, அங்கே முடிவு தயாரான பிறகுதான் வெளியே போகும். இங்கே முடிவு வருவதற்கு முன்னமே பேச வேண்டும்.

வேலை கேட்கப் போகும்போது சேர்ட்டிபிகேட் கட்டைவிட மூன்று தாள் பெறுமதி. முதலாவது, ஒரு பக்க ஊடக அறிக்கை, 350 சொல்லுக்கு மேல் வேண்டாம். கற்பனையாக ஒரு இரத்ததான முகாமை எடுக்கலாம். யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் முதல் பந்தியில் வர வேண்டும். கீழே தொடர்பு கொள்ளும் இலக்கம், அதுவும் உண்மையில் யாராவது எடுக்கிற இலக்கமாக இருக்க வேண்டும். படம் இருந்தால் இடமிருந்து வலமாகப் பெயர், பதவி. படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சுக்கு உதவாது, மின்னஞ்சலில் முழு அளவில் இணைக்க வேண்டும். இரண்டாவது, கோபமாக எழுதின ஒருவருக்குப் பதில் கடிதம். மூன்றாவது, ரிப்போர்ட் ஆள் மாறிப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு முதல் மணித்தியாலத்துக்குள் வெளியிட ஐந்து வரி. பழைய வேலையிடத்து உண்மையான சம்பவமோ நோயாளி விபரமோ ஒன்றிலும் வரக் கூடாது. வந்தால் தாளை வாசிக்கிறவர் நாளைக்குத் தன் இரகசியமும் இப்படித்தான் போகும் என்று மடித்து வைத்துவிடுவார்.

ஏஜென்சியில் தொடங்கினால் ஒரு வருடத்தில் நாலு ஐந்து துறையைப் பார்க்கலாம். எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணித்தியாலம் என்று கணக்கு எழுதியே சலிக்கும். நிறுவனத்துக்குள்ளே சேர்ந்தால் ஒரே துறை, ஆழம் கூட. 30 தாண்டி வருகிறவன் முதலில் ஏஜென்சிக்குப் போகட்டும். சம்பளம் இறங்கித்தான் தொடங்கும், ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். முதல் வேலை பேப்பர் கட்டிங்கும் நிருபர் பட்டியலும்தான். பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்காவிட்டால், விலகிப்போன ஆளுக்கு அழைப்பு போகும். கட்டிங்கை அடிக்கோலால் அளந்து, இதே இடத்துக்கு விளம்பரம் போட்டிருந்தால் இவ்வளவு காசு என்று கணக்குக் காட்டச் சொல்வார்கள். 2010இல் பார்சலோனாவில் கூடின துறை ஆட்களே அந்தக் கணக்கு இந்த வேலையின் பெறுமதியைக் காட்டாது என்று சொல்லிவிட்டார்கள். மேலதிகாரிகள் இன்னும் கேட்கிறார்கள். கேட்டால் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வேறொரு கணக்கும் வைக்க வேண்டும்: அறிக்கைக்குப் பிறகு எத்தனை பேர் அழைத்தார்கள், என்ன கேட்டார்கள்.

அந்த ஐந்து வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எங்கே, எப்போது, இப்போது என்ன செய்கிறோம், அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம். காரணம் தெரியாவிட்டால் காரணத்தைத் தொடக் கூடாது. நாலு மணிக்கு என்று சொன்னால் நாலு மணிக்கு வர வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அதைச் சொல்லவாவது வர வேண்டும். வராவிட்டால் அந்த இடைவெளியை ஆட்கள் தங்கள் பாட்டுக்கு நிரப்புவார்கள். மூன்று ஞாயிறு போன் வராத வீட்டிலும் அதுதான் நடக்கும். அப்பா உனக்கு வருத்தம் என்று நிரப்பினார். நான் வேறு ஒன்று நிரப்பினேன்.

முந்தி நீ நைட் ஷிப்டில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் வட்ஸ்அப்பில் 'ஒன்லைன்' என்று காட்டும். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இப்போது மூன்று மாதமாக உன் 11 மணிக்கே அது மறைந்துவிடுகிறது. பிள்ளை இரவில் நித்திரை கொள்கிறான் என்று சந்தோசப்பட வேண்டியவள்தான்.

மேல் மாடி டீச்சருக்கு இரண்டும் பெட்டைப் பிள்ளைகள் என்று உனக்குத் தெரியும். 30 வருடம் அறிக்கை எழுதினவளுக்கு ஒரு பொய்யை உருப்படியாகக் கட்டத் தெரியவில்லை.

விவாத அணிக்குக் கப் வாங்கிக்கொண்டு வந்து, பயோ வேண்டாம், ஊடகம் படிக்கிறேன் என்று நீ கேட்ட இரவு, "வாயை வித்துப் பிழைக்கிறது என்னோட போகட்டும்" என்று சொன்னேன். நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பா கேட்டும் நான் காரணம் சொல்லவில்லை. அந்தக் கிழமை எங்கள் கந்தோரில் இருந்து போன அறிக்கையில் பாதிக்கப்பட்டவர்கள் 'சிலர்' என்று எழுதினது நான். எண் மேசையில் கிடந்தது. 41. அதை நீக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலே போனால் வெட்டுவார்கள் என்று நினைத்து நானே முதலில் வெட்டினேன். தொழிலில் பிழை இருக்கவில்லை மகன். வீட்டுக்கு வந்து தொழிலை ஏசினேன், நீ எதிரே நின்றாய்.

அந்த மூன்று தாளையும் எழுதிவிட்டாய் என்றால் எனக்கு அனுப்பு. எழுதாவிட்டால் எழுதிவிட்டு அனுப்பு. பென்சிலால்தான் குறிப்பேன். ஞாயிறு இரவு என்றால் உனக்கு நடுச்சாமம் ஆகிவிடும், சனி காலையில் எடு, அப்பா கோயிலால் வந்திருப்பார். அவருக்கு நீயே சொல்லு, நான் சொல்லமாட்டேன்.

சித்தியை ஏசாதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டபோது தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டாள், அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பாமினியில் அனுப்பாதே. என் புதுப் போனில் திறக்காது.